மூலையில் தனியாகப் படிக்காதே!

1963-ல் அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் கறுப்பினச் சிறுவர்கள் உரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள். 12 வயது ஃப்ரீமன் ஹ்ராபோஸ்கியும் போனார். ஐந்து நாள் சிறை!

கணக்கில் புலியான அந்தப் பையன், பின்னாளில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்துக்கு நிர்வாகியாக வந்தார். அறிவியல் சேர்ந்த கறுப்பின மாணவர்கள் தடுமாறுவதைப் பார்த்தார். 1988-ல் ராபர்ட் மேயர்ஹாஃப் என்பவர் கொடுத்த நன்கொடையில் ஒரு திட்டம் பிறந்தது. முதல் அணியில் 19 பேர்; எல்லோரும் கறுப்பின ஆண் மாணவர்கள்.

உதவித்தொகையோடு விட்டுவிடவில்லை. கல்லூரி திறக்கும் முன்பே கோடை வகுப்பு, வழிகாட்ட ஆள், சேர்ந்து படிப்பு. புரியவில்லை என்றால் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். முதல் மதிப்பெண் வாங்கியே பழகியவர்களுக்கு அதுதான் பெரிய கஷ்டம்!

பிறகு பெண்களும், மற்ற இனத்தவரும் சேர்ந்தார்கள். மாடர்னா கொரோனா தடுப்பூசி ஆய்வில் முக்கியப் பங்காற்றிய கிஸ்மெகியா கார்பெட், இந்தத் திட்டத்தில் படித்தவர்தான்.