நிற்காமல் போனதற்குத் தண்டம் 2,000 ரூபாய்

சட்டப்படி இடப்பட்ட ஆணைக்கு வேண்டுமென்றே கீழ்ப்படிய மறுப்பவருக்கு என்ன தண்டனை என்பதை மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 179ஆவது பிரிவு கூறுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு அது 500 ரூபாய் வரையிலான அபராதம். திருத்தத்துக்குப் பின் 2,000 ரூபாய். காவலர் கைகாட்டியும் நிற்காமல் போன ஓட்டுநர் வேறு குற்றம் எதுவும் புரியாதிருந்தால், அரசுக்கு அவர் பட்ட கடன் அவ்வளவே.

சாலையில் நடைமுறையிலிருக்கும் தண்டனை வேறு. 2018 மார்ச் 7 அன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த துவாக்குடியில் தலைக்கவசச் சோதனையைத் தாண்டிச் சென்ற இருசக்கர வாகனத்தைக் காவல் ஆய்வாளர் ஒருவர் துரத்திச் சென்று உதைத்தார் என்பது வழக்கு. பின்னிருக்கையில் இருந்த பெண் விழுந்து இறந்தார், ஆய்வாளர் கைதானார். அதே ஆண்டு செப்டம்பர் 29 பின்னிரவில் லக்னோவின் கோமதி நகரில், காரை நிறுத்தவில்லை என்று காவலர் ஒருவர் சுட்டதில் தனியார் நிறுவன மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். சுட்டவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2019 ஜூன் 16 அன்று தில்லி முகர்ஜி நகரில் காவல்துறை வாகனத்தோடு உரசிய டெம்போவின் ஓட்டுநரும் அவருடைய பதின்வயது மகனும் நடுச்சாலையில் தடியடிக்கு உள்ளாயினர். ஓட்டுநர் கிர்பானை உருவினார் என்பது உண்மை. அவர் வீழ்த்தப்பட்ட பின்னும் அடி நிற்கவில்லை என்பதும் காணொளிகளில் பதிவான உண்மையே.

மூன்று வெவ்வேறு காவல்துறைகள் சார்ந்த நிகழ்வுகள் இவை. ஒவ்வொன்றுக்குப் பின்னரும் சொல்லப்பட்டது ஒரே விளக்கம்: தனிமனிதத் தவறு, நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது. இவற்றை இணைத்துப் பார்த்தால் தெரிவது வேறு. தலைக்கவசமின்மையோ உரசலோ இங்கே தண்டிக்கப்படவில்லை. தண்டிக்கப்பட்டது கீழ்ப்படியாமை. வாகனத் தணிக்கை என்ற பெயரில் இந்தியச் சாலைகளில் நிலைநாட்டப்படுவது பெரும்பாலும் போக்குவரத்து விதியன்று. சீருடையின் முன் குடிமகன் எவ்வாறு நிற்க வேண்டும் என்ற விதியே.

சட்டம் காவலருக்கு அளித்துள்ள அதிகாரம் குறைவானதன்று. ஆனால் அதற்கு வரையறை உண்டு. சீருடையிலுள்ள எந்தக் காவல் அலுவலரும் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்கலாம் என்கிறது 130ஆவது பிரிவு. மின்னணு வடிவிலும் ஆவணங்களைக் காட்டலாம் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139ஆவது விதி. ஆவணத்தைக் கைப்பற்றினால் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும் என்கிறது 206ஆவது பிரிவு. எந்தச் சூழலில் வாகனத்தையே தடுத்து வைக்கலாம் என்பதை 207ஆவது பிரிவு வரையறுக்கிறது. குற்றத்தை அவ்விடத்திலேயே முடித்துப் பணம் பெறுவதற்கு மாநில அரசு அறிவிக்கை செய்த அலுவலருக்கு மட்டுமே 200ஆவது பிரிவு இடமளிக்கிறது. ஓடும் வண்டியின் சாவியைப் பிடுங்கவோ, சக்கரத்தின் காற்றை இறக்கிவிடவோ, கன்னத்தில் அறையவோ, தாயைப் பழிக்கவோ இச்சட்டத்தின் எந்தப் பிரிவும் இடமளிக்கவில்லை.

ஆயினும் முதலில் நீளும் கை சாவியை நோக்கியே நீள்கிறது. அதன் பொருள் எல்லா ஓட்டுநர்களுக்கும் தெரியும். ஆவணத்தைக் காட்டும் வரை ஓட்டுநர் சட்டத்தின் முன் நிற்கும் குடிமகன். சாவி இன்னொருவர் சட்டைப்பைக்குள் போனதும் அவர் மன்றாடுபவர். அதற்கு மேல் நடப்பது விசாரணையன்று, பேரம்.

இம்மாற்றம் எல்லோருக்கும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. இந்தி பேசும் நகரங்களில் 'தூ', 'தும்', 'ஆப்' என்ற மூன்று முன்னிலைச் சொற்களில் எது வாயிலிருந்து வரும் என்பதை உரிமம் தீர்மானிப்பதில்லை, வண்டி தீர்மானிக்கிறது. ஆட்டோ ஓட்டுநருக்கும் சரக்கு டெம்போவுக்கும் ஒருமை. பெரிய காருக்குப் பன்மை. முன்கண்ணாடியில் 'போலீஸ்', 'வழக்கறிஞர்', 'பிரஸ்' என்று ஒட்டப்பட்டிருந்தால் பல வேளைகளில் சல்யூட். 2017 மே 1 முதல் சிவப்புச் சுழல்விளக்கு நீக்கப்பட்டது சமத்துவத்தின் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. விளக்கின் இடத்தை ஸ்டிக்கர் பிடித்துக்கொண்டது.

காவலர் தரப்பு வாதம் கேட்கத் தகுந்தது. வெயிலிலும் புகையிலும் பல மணிநேரம் நிற்கிறார்கள். நிற்காத லாரிகள் அவர்களைக் கொன்றிருக்கின்றன. இத்தனை வழக்குகள் வேண்டும் என்ற மேலிட நெருக்கடியும் அவர்கள் தலையிலேயே விழுகிறது. இவை யாவும் மெய். ஆனால் சோர்வுதான் காரணமென்றால் சீற்றம் எல்லார் மீதும் ஒரே அளவில் விழவேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய காரின் முன் சட்டென்று அடங்கிவிடும் சீற்றத்தைச் சோர்வு என்று அழைக்க இயலாது. அது கற்றுக்கொண்ட கணக்கு.

உயிர்காப்பு இரண்டாவது வாதம். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். தலைக்கவசம் அணியாததால் மாண்டவர்கள் 50,029 பேர். எனவே தணிக்கையே கூடாது என்பவர் பொறுப்பற்றவர். ஆனால் அதே ஆண்டின் மரணங்களில் பத்தில் ஏழுக்கு அதிவேகமே காரணம் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. வளைவிலும் மேம்பாலத்தின் அடியிலும் மறைந்து நின்று திடீரென்று பாதையில் குதிக்கும் தணிக்கைக்கு, ஏற்கெனவே மெதுவாகப் போகிறவர்களே எளிதில் அகப்படுகிறார்கள். தலைக்கவசம் அணியாதவரைத் துரத்திப் பிடிக்கக் கூடாது, கேமரா போன்ற தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 நவம்பரில் கூறியதன் நியாயம் இதுவே. உயிரைக் காக்கும் விதிக்காக உயிரைப் பணயம் வைப்பது முரண்.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த நோயைத் தீர்க்கவில்லை. விலையை மட்டும் உயர்த்தியது. தலைக்கவசமின்மைக்கான அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. உரிமமின்றி ஓட்டுவதற்கு 500 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பதிவேதும் இல்லாத அதிகாரத்தின் கையில் பெரிய அபராதத்தைக் கொடுத்தால் உயர்வது சட்டத்தின் மதிப்பு மட்டுமன்று, அதைக் காட்டி நடத்தும் பேரத்தின் தொகையும்தான். லாரித் தொழில் ஆண்டுக்குச் சுமார் 48,000 கோடி ரூபாயைக் கையூட்டாகக் கொடுக்கிறது என்று சேவ் லைஃப் அறக்கட்டளை 2020இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. அத்தொகையில் பெரும்பகுதி சம்பளத்துக்கு ஓட்டும் ஒருவரின் கை வழியாக, பெரும்பாலும் இரவில், ரசீதின்றிப் போகிறது.

ரசீதின்மையே இப்பிரச்சினையின் மையம். கொள்கையை உண்மையில் வகுப்பவர்கள் தலைமைச் செயலகத்தில் இல்லை. மக்களை நேரில் சந்திக்கும் கடைநிலை அலுவலர்களின் விருப்புரிமையே கொள்கையாகிறது என்று மைக்கேல் லிப்ஸ்கி 1980இல் எழுதினார். அவ்விருப்புரிமை பதிவே இல்லாமல் இயங்குவதற்குச் சிறந்த சான்று இந்திய வாகனத் தணிக்கை. மின்னணுச் செலான் அபராதத்தைப் பதிவு செய்கிறது, நிறுத்தத்தைப் பதிவு செய்வதில்லை. 200 ரூபாய்க்கு விடப்பட்டவரும், அறை வாங்கி அனுப்பப்பட்டவரும், பெயரைக் கேட்டதும் நிறம் மாறிய முகத்தைக் கண்டவரும் எந்த அட்டவணையிலும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏறத்தாழ 10 கோடி வாகன நிறுத்தங்களின் பதிவுகளை ஆராய்ந்து, இனப் பாகுபாட்டை எண்களால் நிறுவினர். இங்கே சாதியும் மதமும் வர்க்கமும் சாலையோரத்தில் எவ்வாறு இயங்குகின்றன என்று ஆராய முற்படும் மாணவருக்குக் கிடைப்பது வாய்மொழிச் சான்றுகள் மட்டுமே. தரவில்லாத இடத்தில் பாகுபாடு இல்லை என்று அரசு எளிதாகச் சொல்லிவிடுகிறது.

நீதிமன்றங்கள் காவல் நிலையத்தின் வாசல் வரை வந்திருக்கின்றன. கைது செய்யும் அலுவலர் தெளிவான பெயர்ப்பட்டை அணிய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கிலும் (1996), மாநில, மாவட்ட அளவில் காவல் புகார் ஆணையங்கள் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கிலும் (2006), காவல் நிலையங்களில் கேமராக்கள் வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கிலும் (2020) உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால் பெரும்பாலான குடிமக்கள் காவல்துறையைச் சந்திப்பது நிலையத்தினுள் அன்று, சாலையோரத்தில்தான்.

ஆகவே கோரிக்கையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். அபராதத்தில் முடிந்தாலும் முடியாவிட்டாலும் ஒவ்வொரு நிறுத்தமும் இடம், நேரம், காரணம், அலுவலரின் எண் ஆகியவற்றோடு பதிவாக வேண்டும். அப்பதிவு ஓட்டுநரின் கைபேசிக்கும் செல்ல வேண்டும். உடலில் அணியும் கேமரா தணிக்கையின்போது அணைக்கப்பட்டிருந்தால், ஐயத்தின் பயன் ஓட்டுநருக்கே கிடைக்க வேண்டும். சிறு மீறலுக்காகத் துரத்துவதை எழுத்து வடிவில் தடை செய்ய வேண்டும். சட்டத்தை அமலாக்கும் அதிகாரியே அதை மீறினால் இருமடங்கு தண்டம் என்கிற 210பி பிரிவின்கீழ் எத்தனை பேர் தண்டிக்கப்பட்டனர் என்பதை ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இவற்றுள் எதுவும் காவலரின் கையைக் கட்டுவதாகாது. நேர்மையான காவலருக்குப் பதிவைவிடச் சிறந்த கேடயம் வேறில்லை. பதிவை அஞ்சுவது பேரம் மட்டுமே.

கீழ்ப்படியாமைக்கு 2,000 ரூபாய் என்று நாடாளுமன்றம் விலை எழுதியிருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாயோ, ஒரு வசைச்சொல்லோ, ஓர் அடியோ, ஓர் உயிரோ வசூலிக்க எந்தச் சீருடைக்கும் உரிமையில்லை.