கூனி விழுது

வியட்நாமிய உணவென்றதும் ஊரார் உச்சரிப்பது ‘ஃபோ’ ஒன்றைத்தான். வடக்கில் பிறந்த அந்த நூடுல்ஸ் சூப், 1954இல் நாடு பிளவுண்டபோது தெற்கே பெயர்ந்தவர்களால் சைகோனில் பரவிற்று. 1975க்குப் பின் அகதிகளோடு கடல் கடந்தது. நடு வியட்நாம் கணக்கில் விடுபட்டுப் போயிற்று.

அங்குள்ள ஹுவே, 1802 முதல் 1945 வரை அரசர்களின் தலைநகர். அதன் பெயரையே தாங்கிய ‘பூன் பொ ஹுவே’யை உண்ண, அவ்வூரின் சிறு கடையொன்றில் முழங்கால் உயர பிளாஸ்டிக் முக்காலிகளில் அமர்ந்தோம். உருண்டு திரண்ட அரிசி நூடுல்ஸ், மாட்டிறைச்சி, பன்றிக்கால், எலுமிச்சைப்புல் மணம், மிளகாய்ச் சிவப்பு. குறையொன்றுமில்லை என்றே எண்ணினோம், பக்கத்து மேசையைப் பார்க்கும்வரை. அவர்கள் கிண்ணத்திலிருந்த உறைந்த இரத்தத் துண்டு எங்களுடையதில் இல்லை. புளிக்கவைத்த கூனி விழுதும் எங்களுக்கு வைக்கப்படவில்லை.

இதை உபசாரமென்று ஏற்க எங்களால் இயலவில்லை. எங்கள் நாவின் எல்லையை எங்களைக் கேளாமலே வகுத்துவிட்டார்கள். ஆயினும் கடைக்கார அம்மையாரைக் குறைகூறுவது நியாயமன்று. முகஞ்சுளித்த விருந்தாளிகள் கற்பித்த பாடம் அது. கருவாட்டு வாடைக்கு ஜன்னலைச் சாத்துவோர் எங்களிலேயே உண்டு. அந்த விழுதை நீக்கிவிட்டால் ஹுவேயின் கிண்ணத்துக்கும் மற்ற ஊர்க் கிண்ணத்துக்கும் என்ன பேதம்?

பக்கத்து மேசையைச் சுட்டிக் காட்டினோம். அம்மையார் ஒருகணம் எங்களை அளந்துவிட்டு, விழுதைக் கொணர்ந்து வைத்தார். எங்களில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.