வரிப் புத்தகம் யார் கையில்?

1942-இல் மலாயாவைப் பிடித்த ஜப்பான் ராணுவம், இந்நாட்டுச் சீனர்கள் 5 கோடி வெள்ளி ‘அன்பளிப்பு’ தர வேண்டும் என்று கட்டளை போட்டது. மாநிலத்துக்கு இவ்வளவு என்று பங்கும் பிரித்தார்கள். ஈயச் சுரங்க முதலாளிகள் நிறைந்த பேராக்கின் தலையில் பெரிய பங்கு விழுந்தது. வீடு, கடை, நகை எல்லாம் விற்றும் நாடு முழுவதிலும் சேர்ந்தது 2.8 கோடிதான். மீதியை யோகோஹாமா ஸ்பீசி வங்கி கடனாகக் கொடுத்தது. ஜப்பானிய வங்கியில் வாங்கி ஜப்பானிய ராணுவத்திடம் கொடுத்தார்கள். கடன் மட்டும் தோற்றவர் பெயரில் நின்றது.

ஆர்க்காட்டு நவாபின் கதை தெரிந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் செலவைக் கட்டுவதற்கு நவாப் கம்பெனி ஊழியர்களிடமே வட்டிக்கு வாங்கினார். 1801-இல் கர்நாடகத்தின் ஆட்சியே கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது.

வென்ற படை கொடியேற்றும் படத்தைத்தான் பள்ளிப் புத்தகத்தில் போடுகிறார்கள். நாடு உண்மையில் கைமாறுவது கச்சேரிக்குள்ளே, மேசை மீது. வரியை யார் வசூலிப்பது, எந்தக் காசு செல்லும், நிலம் யார் பெயரில் பதிவாகும் என்ற கேள்விகளுக்கு வென்றவர் எழுதும் பதில்தான் ஆட்சி. முக்கால் நூற்றாண்டுக்குள் பேராக் மூன்று முறை இப்படிக் கைமாறியது. மூன்றில் ஒன்றில்கூடத் தோட்டத்துத் தமிழனுக்கு அந்த மேசையில் இடமில்லை. பின்னிரண்டில் செலவின் பெரும்பங்கு அவன் கணக்கில்தான் எழுதப்பட்டது.

முதல் கைமாற்றம் 1874 ஜனவரி 20 அன்று, பங்கோர் தீவருகே நின்ற கப்பலில் தொடங்கியது. லாருட் ஈயவயல்களில் கீ ஹின், ஹாய் சான் என்ற சீன ரகசியக் கூட்டங்கள் வெட்டிக்கொண்டிருந்தன; அரியணைக்கு ஒருவருக்கு மேல் உரிமை கோரினார்கள். ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் முடித்தார். ராஜா அப்துல்லா சுல்தான். பதிலுக்கு அவர் ஒரு பிரிட்டிஷ் ரெசிடெண்டை ஏற்க வேண்டும். மலாய்க்காரர்களின் மதம், வழக்காறு நீங்கலாக மற்ற எல்லாவற்றிலும் ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு அதன்படியே நடக்க வேண்டும். வரி வசூலும் அவர் ஆலோசனைப்படியே. படிக்கச் சாதுவான வாசகம்தான். ஆனால் ஆற்றங்கரைச் சிற்றரசர்களின் சோறே அந்த வரியில்தான் இருந்தது. பேராக் ஆற்றில் போகும் படகை நிறுத்திச் சுங்கம் வாங்குவது அவர்கள் பரம்பரை உரிமை.

முதல் ரெசிடெண்ட் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச் வந்த உடனேயே அந்த மடியில் கைவைத்தார். பொறுமை இல்லாத மனிதர். மலாய் மொழியிலும் போதிய பயிற்சி இல்லை. கடனடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்தது அவர் கணக்கில் எழுத வேண்டிய நல்ல காரியம், ஆனால் அதுவும் பகையைத்தான் வளர்த்தது. 1875 நவம்பர் 2 அன்று பாசிர் சாலாக்கில், ஆற்றோரக் குளியல் கொட்டகையில் அவரைக் குத்திக் கொன்றார்கள்.

பிறகுதான் போர். இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் படைகள் இறங்கின. எதிர்ப்பு சில மாதங்களில் ஓய்ந்தது. பர்ச் கொலைக்காகச் சிற்றரசர் மஹாராஜா லேலாவைத் தைப்பிங் அருகே மாத்தாங்கில் தூக்கிலிட்டார்கள். நாள் 1877 ஜனவரி 20. பங்கோரில் கையெழுத்தான அதே தேதி, சரியாக மூன்று ஆண்டு கழித்து. சுல்தான் அப்துல்லாவைச் சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். கண்டி மன்னனை வேலூருக்கும், பகதூர் ஷாவை ரங்கூனுக்கும் அனுப்பிய கை இது. மன்னனைக் கொன்றால் தியாகி ஆகிவிடுவான். கடலுக்கு அப்பால் வைத்து மானியம் கொடுத்தால் மறந்துபோவார்கள் என்ற கணக்கு. அப்துல்லா விஷயத்தில் கணக்கு கொஞ்சம் பிசகியது. அந்தத் தீவில் கேட்ட மெட்டுதான் பேராக்கின் மாநில கீதமானது என்று சொல்வார்கள். 1957-இல் அந்த மெட்டே ‘நெகாராக்கூ’ என்ற தேசிய கீதமாயிற்று.

போர் வெற்றியை ஆட்சியாக மாற்றியவர் துப்பாக்கி பிடித்தவர் அல்லர். 1877-இல் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோ, பர்ச் முட்டிய இடத்தில் முட்டவில்லை. சிற்றரசர்களின் சுங்க உரிமையை எடுத்துக்கொண்டு மாதப்படி கொடுத்தார், பெங்ஹுலு எனும் ஊர்த்தலைவர்களைச் சம்பளக்காரர்களாக்கினார். ஆண்டவன் அரசாங்க உத்தியோகஸ்தன் ஆனான். மாநில மன்றம் ஒன்றையும் அமைத்தார். மலாய் அரசகுலத்தாரோடு, ஒருகாலத்தில் ஒருவரை ஒருவர் அழிக்கப் பார்த்த ஹாய் சான், கீ ஹின் தலைவர்கள் இருவரும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சண்டைக்குக் காரணமானவர்களையே நிர்வாகத்தில் பங்காளியாக்கிவிட்டால் சண்டை யாருக்காக? போர்ச் செலவு பேராக்கின் கடனாகவே எழுதப்பட்டது. ஈயத்தின் வரியிலிருந்து லோ அதை அடைத்தும் காட்டினார்.

பின்னாளைய வல்லரசுகளை இதோடு வைத்துப் பார்க்கலாம். 1945-இல் ஜப்பானை வென்ற மெக்கார்தர் பேரரசரை அரியணையிலேயே வைத்துக்கொண்டார். அவர் முத்திரையோடு வந்த மாற்றங்களை ஜப்பானியர் எதிர்க்கவில்லை. 2003-இல் ஈராக்கை வென்ற அமெரிக்கா ஒரே உத்தரவில் அந்நாட்டு ராணுவத்தைக் கலைத்தது. சம்பளமிழந்த ஆயுதக்காரர்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். லோவின் பேராக்கைப் படித்திருந்தால் பாக்தாதில் அந்த உத்தரவு போயிருக்காது என்று எனக்கு ஒரு எண்ணம். அதனால் லோவை நல்லவர் என்று சொல்ல வரவில்லை. அவர் கெட்டிக்காரர்.

அந்த மன்றத்தில் உட்கார்ந்த இன்னொருவர் வில்லியம் மேக்ஸ்வெல், துணை ரெசிடெண்ட். அவரைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். ஆஸ்திரேலியாவின் டோரன்ஸ் நிலப்பதிவு முறையை நேரில் போய்ப் படித்துவிட்டு வந்து, மலாய் மாநிலங்களில் அதை வேரூன்ற வைத்தவர் அவர். நிலமெல்லாம் அரசருடையது, அரசு கொடுக்கும் பட்டாவே உரிமை, பதிவேட்டில் பெயர் இருப்பவனே உடைமைக்காரன். காட்டைத் திருத்திப் பயிரிட்டவனுக்கு அந்த உழைப்பால் உரிமை உண்டு என்ற பழைய மலாய் வழக்கு ஒதுங்கியது. லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டும் கம்பெனி ஒன்று பார்க்காத நாட்டில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வாங்கத் துணிய வேண்டுமானால் இப்படியொரு பதிவேடு தேவை. கோலகங்சாரில் லோ வளர்த்த ரப்பர் கன்றுகள் தோட்டங்களாகப் பெருகியது இந்தப் பதிவேட்டின் நிழலில்தான்.

ஆள்தான் குறை. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் அந்தக் குறையைத் தீர்த்தார்கள். முதலில் ஒப்பந்தக் கூலிகள், பிறகு கங்காணி ஊரிலிருந்து கூட்டி வந்தவர்கள். 1907-இலிருந்து அவர்கள் வருகைக்கென்றே துரைமார்களிடம் தலைக்கணக்கில் வசூலித்த நிதியொன்றும் இருந்தது. பெரட்டுக் களத்தில் விடியுமுன் கூப்பிடும் பெயர்ப் புத்தகத்தில் அவர்கள் பெயர் இருந்தது. கிராணியின் சம்பளப் புத்தகத்தில் இருந்தது. தோட்டக் கடையின் கடன் புத்தகத்தில் தவறாமல் இருந்தது. நிலப் பதிவேட்டில் மட்டும் இல்லை.

இரண்டாவது கைமாற்றம் வேகமாக நடந்தது. 1941 டிசம்பர் 28-இல் ஈப்போ ஜப்பானியர் வசமானது. கம்பாரில் பிரிட்டிஷ், இந்தியச் சிப்பாய்கள் புத்தாண்டைத் தாண்டியும் பிடித்து நின்றார்கள். ஜனவரி 7-இல் சிலிம் ரிவரில் டாங்கிகள் அந்த அரணைப் பிளந்துகொண்டு போயின. கடிகாரம் தோக்கியோ நேரத்துக்குத் திரும்பியது. ஆண்டு 2602 ஆயிற்று. ஈப்போவின் செயின்ட் மைக்கேல் பள்ளிக் கட்டடத்தில் மாநில நிர்வாகம் உட்கார்ந்தது. சுல்தான்களை முதலில் ஓரங்கட்டப் பார்த்த ஜப்பானியரும் வெகு சீக்கிரம் பிரிட்டிஷ்காரன் போட்ட தடத்துக்கே திரும்பினார்கள். மதம் உங்களுக்கு, மற்றதெல்லாம் எங்களுக்கு.

வாழை மரம் அச்சிட்ட ஜப்பான் காசு அடுத்து வந்தது. அச்சடிக்க அச்சடிக்க அது காகிதமானது. ரப்பருக்குச் சந்தை இல்லை. பால் மரங்கள் சும்மா நின்றன. லயத்துச் சனம் மரவள்ளிக்கிழங்கைத் தின்றது. சும்மா இருக்கும் கூலிகளின் பெயரும் வயதும் எழுதிய புத்தகம் ஒவ்வொரு தோட்டத்து ஆபீஸிலும் தயாராக இருந்தது. ஜப்பானியர் புதிதாகக் கணக்கெடுக்க வேண்டிய அவசியமே எழவில்லை. இந்தத் தோட்டத்திலிருந்து இத்தனை பேர் என்று கேட்டார்கள். கிராணி பட்டியல் கொடுத்தார். கொடுக்காமலிருக்க அவராலும் முடியாது. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், அரிசி என்ற வாக்கை நம்பிப் போனவர்களும் உண்டு. படம் காட்டுகிறோம் என்று கூட்டி அப்படியே லாரியில் ஏற்றியதாகச் சொல்லும் குடும்பங்களும் உண்டு. 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கு மேல், பெரும்பாலோர் தமிழர். இறந்தவர் எத்தனை என்பதில் கணக்குக்குக் கணக்கு வித்தியாசம் வருகிறது. போர்க்கைதிகளின் பெயர்கள் கல்லறைக் கற்களில் இருக்கின்றன. கூலிக்கு அந்தப் பதிவும் இல்லை.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பினார்கள், இம்முறை விடுதலை செய்தவர்களாக. ராணுவ நிர்வாகம் செய்த முதல் வேலைகளில் ஒன்று, ஜப்பான் காசு செல்லாது என்று அறிவித்தது. அரசின் கண்ணோட்டத்தில் அது நியாயமே. எதிரி அடித்த காகிதத்துக்கு யார் மதிப்புக் கொடுப்பார்? ஆனால் மூன்றரை ஆண்டுக் கூலி முழுவதும் அந்தக் காகிதமாகத்தான் கைக்கு வந்திருந்தது. அரிசி, வேலை, கூலி கேட்டு அக்டோபரில் சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவிலும் பத்து காஜாவிலும் கூடிய மக்கள்மீது விடுதலை செய்த படையே சுட்டது.

நீதி நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. பாப்பான் கிராமத்தில் கொரில்லாக்களுக்கு மருத்துவம் பார்த்ததற்காக ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்த்தாயிடம் சித்திரவதைப்பட்ட சிபில் கார்த்திகேசு 1946-இல் ஈப்போ நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அவரைச் சித்திரவதை செய்த யோஷிமுராவுக்கு மரண தண்டனை கிடைத்தது. வென்றவர் நடத்தும் நீதிமன்றத்தில் தோற்றவர் குற்றம் மட்டுமே விசாரணைக்கு வரும் என்பது பழைய குறை. அதற்காக இந்தத் தீர்ப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அதற்குச் சற்று முன், 1945-இன் கடைசி மாதங்களில், பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி ஹெரால்ட் மேக்மைக்கேல் சுல்தான்களின் அரண்மனைகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தார். மாநிலங்களை ஒன்றாக்கிப் பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் வைக்கும் மலாயன் யூனியனுக்குக் கையெழுத்து வேண்டும். ஜப்பான் காலத்தில் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்ற விசாரணை ஒரு கையில், பேனா மறு கையில். எல்லாச் சுல்தான்களும் கையெழுத்திட்டார்கள். வென்றவரின் கணக்கு தப்பியது இங்கேதான். மலாய் மக்கள் திரண்டார்கள், 1946 மே மாதம் அம்னோ பிறந்தது, 1948 பிப்ரவரியில் யூனியன் போய்க் கூட்டரசு வந்தது. ஆயுதம் இல்லாமல் ஒரு பேரரசைப் பின்வாங்க வைத்த வெற்றி அது. ஆனால் யூனியன் திட்டத்தில் மற்ற இனத்தவருக்கு இருந்த தாராளமான குடியுரிமையும் அதோடு போயிற்று. கூட்டரசில் நிபந்தனைகள் இறுகின. இரு தரப்பும் பேசி முடித்தபோது விட்டுக்கொடுக்கப்பட்டது மூன்றாம் தரப்பின் உரிமை.

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைகள் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். புதுக் கிராமங்களுக்கு வேலி போட்டதை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். தோட்டத்து லயங்களையும் ஓரிடத்தில் குவித்து முள்வேலி அடித்ததை அவ்வளவாக எழுதவில்லை. குடியுரிமைத் தாளின் விலை 1969-க்குப் பிறகு தெரிந்தது. நீலநிற அடையாளக் கார்டு இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானதும், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பல்லாயிரம் பேர் பார்த்திராத தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள்.

அரசியல் வெற்றியாளர் போன பின்பும் பதிவேட்டின் வெற்றியாளர் இருந்தார். சுதந்திரத்தையொட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, சுங்கை சிப்புட்டுக்காரரான வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். பாட்டாளிகளின் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டம் வாங்கும் திட்டம் அது. நிலப் பதிவேட்டில் நம்மவர் பெயரை எழுத நடந்த பெரிய முயற்சி அது ஒன்றுதான் என்பேன். அதன் அளவு விற்பனையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 1981 செப்டம்பர் 7 காலை லண்டன் பங்குச் சந்தையில் மலேசியாவின் அரசு முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல், பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியான கத்ரியின் கட்டுப்பாட்டைச் சில மணி நேரத்துக்குள் வாங்கியது. துப்பாக்கி இல்லாத மறுவெற்றி என்று நாடு கொண்டாடியது. நானும் அதைக் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்து ஆபீஸில் முதலாளி பெயர் மாறியது. லயத்து வீடு வேலையோடு கூடிய வீடாகவே இருந்தது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஈப்போவைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல தாமான்களாயின. காலி செய்யச் சொல்லும் கடிதத்தோடு வக்கீலிடம் போனவர்கள் எல்லாரும் ஒரே வாதத்தைத்தான் கொண்டு போனார்கள்: தாத்தா காலத்திலிருந்து இங்கேதான் இருக்கிறோம். தமிழ்நாட்டில் தனியார் நிலத்தில் உரிமையாளருக்கு எதிராக 12 ஆண்டு தொடர்ந்து அனுபவித்தால் நீதிமன்றம் அதைக் காதில் போட்டுக்கொள்ளும். இங்கே 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 341-ஆம் பிரிவு, எவ்வளவு காலம் ஒருவர் நிலத்தில் இருந்தாலும் பதிவுபெற்ற உரிமையாளர் அதை மீட்க அது தடையாகாது என்கிறது. மேக்ஸ்வெல் கொண்டுவந்த முறைதான் அது, சுதந்திர நாட்டின் முத்திரையோடு.