அடுப்படியில் குற்றவாளியைத் தேடுபவர்கள்

சமையல் எரிவாயு விபத்துகளுக்கென்று எங்கள் தொழிலில் ஒரு வாக்கியம் எப்போதும் தயாராக இருக்கிறது: கவனக்குறைவே விபத்துக்குக் காரணம். யாருடைய கவனக்குறைவு என்று அது சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அடுப்புக்கு முன்னால் நின்றவள் ஒரு பெண். ஆகவே தவறும் அவளுடையதாகிவிடுகிறது. அந்த வாக்கியத்தை எழுதியவுடன் விசாரணை முடிந்துவிடுகிறது, பத்திரிகையிலும் பொலிஸ் நிலையத்திலும். அதற்கு எதிராகவே இதை எழுதுகிறேன்.

2021 நவம்பரை நினைத்துப் பாருங்கள். இலங்கையின் பல மாவட்டங்களில் எரிவாயு அடுப்புகள் வெடித்தன, கண்ணாடி மேற்பரப்புகள் சிதறின, குசினிகள் தீப்பற்றின. உயிர்களும் போயின. முதல் நாட்களில் கிடைத்த விளக்கங்கள் பழக்கமானவை: குழாய் பழையது, சீராக்கி தரமற்றது, அடுப்பைச் சரியாக மூடவில்லை. நான் கேட்பது எளிய கேள்வி. அதே குழாய்கள் முந்திய ஆண்டும் இருந்தன. அதே சீராக்கிகள் இருந்தன. அதே பெண்கள்தான் சமைத்தார்கள். ஒரே மாதத்தில் நாடு முழுவதிலும் உள்ள இல்லத்தரசிகள் ஒன்றுகூடிக் கவனத்தைத் தொலைத்துவிட்டார்களா?

மாறியது சிலிண்டருக்குள் இருந்தது. மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு, 2021 டிசம்பரில் அளித்த அறிக்கையில், எரிவாயுக் கலவையில் ஏற்பட்ட மாற்றமே முதன்மைக் காரணம் என்றது. ஏறத்தாழ இருபது பங்கு புரொப்பேன், எண்பது பங்கு பியூட்டேன் என்றிருந்த கலவை, பாதிக்குப் பாதி என்ற அளவை நெருங்கியிருந்தது. புரொப்பேன் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு, தீ எரிந்து முடிந்த பிறகே வந்தது.

இதில் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் நம் உறவினர்கள் கோடை விடுமுறைக்குச் சமையலறை பூட்டிய வீட்டு வண்டிகளில் போகிறார்கள். அந்த வண்டியின் அடுப்பு புரொப்பேனில் எரிகிறது. காரணம் குளிர். புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையிலேயே ஆவியாகிவிடும். பியூட்டேனோ பூச்சியத்தை ஒட்டியே கொதிக்கிறது. பனிக்காலத்தில் அது சிலிண்டருக்குள் திரவமாகவே உறங்கிவிடும். ஆனால் வெப்பநிலை இருபது பாகைக்குக் கீழே இறங்குவதே அரிதான மட்டக்களப்பில் அந்தத் தேவை இல்லை. 30 பாகை வெயிலில் புரொப்பேனை இருபதிலிருந்து ஐம்பது பங்காக உயர்த்தினால், சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. பழைய அழுத்தத்தைத் தட்டுத்தடுமாறித் தாங்கிக்கொண்டிருந்த வால்வு வளையமும் சீராக்கியும் புதிய அழுத்தத்தில் கசிவது இயல்புதானே? தேய்ந்த பாகங்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் தேய்ந்த பாகங்களே காரணம் என்பது உண்மையில் பாதி மட்டுமே.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2021 அக்டோபரில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 1,493 ரூபாயிலிருந்து 2,600 ரூபாய்க்கு மேல் ஏறியது. அந்தச் செய்தி அன்றைக்கே ஒவ்வொரு கடைக்கும் வந்து சேர்ந்தது. கலவை மாறிய செய்தி மட்டும் யாருக்கும் வந்து சேரவில்லை. வாங்குபவரின் பணத்தைப் பற்றிய தகவலுக்கு இருந்த வேகம், அவர் உயிரைப் பற்றிய தகவலுக்கு இருக்கவில்லை.

குருக்கள்மடத்தில் நவம்பர் என்றால் மழைக்காலம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. நடுவில் கல்முனை வீதியை ஒட்டிய ஊர். சாரல் அடித்தால் குசினி யன்னலைச் சாத்துவார்கள்; சாத்தாமல் என்ன செய்வது? விறகு எரிந்த காலத்தில் புகை கண்ணைக் கரித்து எச்சரித்தது. இந்த வாயு அப்படியல்ல. காற்றை விடப் புரொப்பேன் ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரு மடங்கும் பாரமானவை. கசிந்தால் மேலே எழாது. தரையோடு தவழ்ந்து மூலையில் தேங்கும். அறைக் காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். எச்சரிப்பதற்கு இருப்பது அதில் கலக்கப்படும் மேர்காப்டன் என்ற பொருளின் நாற்றம் மட்டுமே. அந்த நாற்றத்தின் அளவைக்கூடச் சமைப்பவள் தீர்மானிப்பதில்லை.

அப்படியானால் பாவனையாளருக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டி ஒன்று எரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்திரிகர்கள். தடையை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரில் தேநீர் வைத்திருக்கிறார்கள். மூடிய பெட்டிக்குள் அடுப்பு மூட்டியது தவறு, ஐயமில்லை. ஆனால் அந்தப் பெட்டி ஆகஸ்ட் 17 அன்று லக்னோவிலிருந்து புறப்பட்டது. ஒன்பது நாட்கள், எத்தனை நிலையங்கள்! ஒருவர் கண்ணிலும் அந்தச் சிலிண்டர் படவில்லையா? இறந்தவரின் தவறு பெரிய எழுத்தில் வரும். பார்க்க வேண்டியவர் பார்க்காதது கடைசிப் பந்தியில் வரும்.

பாவனையாளர் செய்யக்கூடியதை யாரும் மறைக்கத் தேவையில்லை. சீராக்கியைப் பூட்டியபின் சவர்க்கார நுரையை வால்விலும் குழாயின் இரு முனைகளிலும் பூசுங்கள். குமிழி எழுந்தால் கசிவு. தீக்குச்சியால் சோதிக்காதீர்கள். சுவாலை மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி படிந்தால் காற்று போதவில்லை, அல்லது பர்னர் அடைபட்டிருக்கிறது. இரைந்துகொண்டு பர்னரை விட்டுத் தூக்கி எரிந்தால் அழுத்தம் மிகை. நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள், அணைப்பதும் பொறிதான். சீராக்கியை மூடி, கதவைத் திறந்து, எல்லோரும் வெளியேறுங்கள்.

இவற்றையெல்லாம் செய்தபின் என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் புதிதாக வாங்கிய சிலிண்டரின் வால்வில் ஒருமுறை நுரை குமிழியிட்டது. திரும்பக் கொண்டுபோனபோது, முத்திரை உடைத்த சிலிண்டரை மாற்ற முடியாது என்றார் கடைக்காரர். முத்திரையை உடைக்காமல் நுரையை எங்கே பூசுவது என்று கேட்டேன். பதில் இல்லை. கவனமாக இருங்கள் என்று நமக்குச் சொல்லும் ஏற்பாடு, கவனமாக இருந்தவருக்குக் கொடுத்த மரியாதை அது. நான் பத்திரிகைக்காரன், வாக்குவாதம் செய்து மாற்றிக்கொண்டு வந்தேன். அம்பிளாந்துறையிலிருந்து வாவியைக் கடந்து வந்து சிலிண்டர் வாங்கிப் போகும் ஒரு தாய், அதே படகில் அதைத் திரும்பச் சுமந்து வந்து வாக்குவாதம் செய்வாளா? நாற்றம் வந்தாலும் மூன்று நாள் சமாளித்துப் பார்ப்பாள். நாளைக்கு ஏதாவது நடந்தால் அதற்கும் பெயர் கவனக்குறைவு.

நான் கேட்பவை மூன்று. சிலிண்டருக்குள் இருப்பது என்ன கலவை என்பது ஒவ்வொரு சிலிண்டரிலும் தமிழிலும் சிங்களத்திலும் படிக்கக்கூடிய எழுத்தில் இருக்க வேண்டும். விற்கும் கடையிலேயே, வாங்குபவரின் கண் முன்னால், வால்வு நுரை கொண்டு சோதிக்கப்பட வேண்டும்; கசிந்தால் கேள்வியின்றி மாற்றித் தரப்பட வேண்டும். தரச் சான்றில்லாத குழாயும் சீராக்கியும் விற்பனைக்கே வரக் கூடாது. வந்தால் தண்டனை விற்றவருக்கு.

நான்காவது ஒன்று, என் தொழிலைச் சார்ந்தவர்களுக்கு. அடுத்த முறை அந்த வாக்கியத்தை எழுதப் பேனா போகும்போது, கவனக்குறைவு என்ற சொல்லுக்கு முன்னால் யாருடைய என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். அந்த இடத்தை நிரப்ப முடியாவிட்டால், உங்கள் செய்தி இன்னும் முடியவில்லை.