ஏழாம் மாதத்தில் ஒரு நெடும்பயணம்

பண்டிகைக்காலச் சாலை நெரிசலை வானொலியில் சொல்பவள் நான். சென்ற தீபாவளிக்கு நானே அதில் சிக்கினேன், ஏழு மாத வயிற்றோடு! கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். “நிக்காம போயிடலாம்” என்றார் கணவர். தாப்பா வருவதற்குள் இரண்டு கால்களும் வீங்கிவிட்டன.

கர்ப்ப காலத்தில் இரத்தம் எளிதில் உறையும். அதனால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இறங்கி நடங்கள், தண்ணீர் குடியுங்கள். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியிலும் மேல்பட்டை மார்புக்கு நடுவிலும் இருக்கட்டும். கிளினிக் புத்தகம் கைப்பையில் இருக்கட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ இரத்தம் கசிந்தாலோ, ஊர்போய்ச் சேரக் காத்திருக்காதீர்கள். அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சுங்கை பேராக், குனோங் செமாங்கோல் என்று நின்று நின்று போனோம். “ஏம்மா இவ்வளவு நேரம்?” என்றார் மாமியார்.

“வழியெல்லாம் உங்க பேரப்பிள்ளை நடை பழகிச்சு, அத்தை!”