கே-ஃபேஷன் மவுசு: ‘மேட் இன் கொரியா’ லேபிள் எல்லாமே நிஜமா?

2020-ல் ‘ஹவ் யூ லைக் தட்’ வீடியோவில் பிளாக்பிங்க் பாடகிகள் நவீன ஹன்போக் அணிய, தென்கொரியாவின் பாரம்பரிய உடை உலகம் முழுக்க டிரெண்டானது. 2025-ல் சியோல் பிராண்டான மாட்டின் கிம், டோக்கியோவின் ஷிபுயாவிலேயே கடை திறந்தது.

ஆனா, பாப் ஸ்டார்கள் மட்டுமே காரணமில்லை. சியோலின் டோங்டேமுன் சந்தைதான் அச்சாணி. துணி, பட்டன், தையல், மொத்த விற்பனை எல்லாம் பக்கத்துப் பக்கத்துல. விடிய விடிய வியாபாரம். புது டிசைன் சில நாள்லயே கடைக்கு வந்துடும்.

சிக்கல் எங்கே? மலிவான இறக்குமதி உடையில் லேபிளை மாற்றி, ‘மேட் இன் கொரியா’ என விற்பவர்களும் அங்கே பிடிபடுகிறார்கள். ஏமாறுவது வாங்குபவர் மட்டுமல்ல. அடிபடுவது உள்ளூர் தையல்கூடங்களின் பிழைப்பும்தான்.