சிலந்தி நாவலும் எங்க சம்பா வயலும்

இந்த வாரம் உரம், விதை, கொள்முதல் நிலையம் எதுவும் இல்லை. ஒரு நாவலைப் பற்றி எழுதப் போறேன். கடைசியில் எப்படியும் வயலுக்குத்தான் வந்து நிற்பேன், அது உங்களுக்கே தெரியும்.

தீபாவளிக்கு வந்த அக்கா மகன் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை விட்டுட்டுப் போனான். பேரு 'தி ஹேச்சிங்', அதாவது முட்டை பொரிக்கிறது. எழுதினவர் எசக்கியேல் பூன். அது புனைபெயராம், சொந்தப் பேரு அலெக்ஸி ஜென்ட்னர். 2016ல வந்த நாவல். பெரு நாட்டுக் காட்டுல நடந்து போற கூட்டத்தைக் கருப்பா ஒரு திரள் வந்து மூடுது. அத்தனையும் சிலந்தி. அப்புறம் அமெரிக்கா, சீனா, நம்ம கான்பூர் நிலநடுக்க ஆய்வகம்னு கதை ஊர் ஊரா தாவுது. சதையைத் தின்னுது, சில பேர் உடம்புக்குள்ளேயே குடியிருந்துட்டு வெளியே வருது. போனில் அகராதியைத் திறந்து வச்சுக்கிட்டு பன்னிரண்டு நாள்ல படிச்சு முடிச்சேன்.

எங்க தெருவுல இந்தப் புத்தகத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு அபிப்பிராயம். அக்கா மகன் ரெண்டு ராத்திரியில முடிச்சவன். "மாமா, ராத்திரி படிக்காதீங்க, லைட்டை அணைக்க மாட்டீங்க"ன்னான். அவனுக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு.

பிளஸ் டூ உயிரியல் படிக்கிற என் மகளுக்குக் கோபம். "சிலந்தியால கறியைக் கடிச்சுத் தின்ன முடியாதுப்பா. இரைக்குள்ள செரிக்கிற நீரை விட்டு, கூழாக்கி, உறிஞ்சத்தான் முடியும். அதோட முன்னூறு பக்கத்துக்கு மேல படிக்க வச்சுட்டு கதையை முடிக்கவே இல்லை"ன்னா. ரெண்டாவது குற்றச்சாட்டு சரிதான். இது மூணு பாகக் கதை. 'ஸ்கிட்டர்', 'ஜீரோ டே'ன்னு இன்னும் ரெண்டு புத்தகம் இருக்கு. முதல் பாகத்தை மட்டும் வாங்கினவனுக்குப் பாதிச் சாப்பாட்டுல இலையை எடுத்த மாதிரிதான் இருக்கும்.

எதிர் வீட்டு ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வேற குறை. "தம்பி, அத்தியாயத்துக்கு ஒரு புது ஆளு வர்றான். பேரை ஞாபகம் வைக்கிறதுக்குள்ள அவனைச் சிலந்தி தின்னுடுது. எவனுக்காகவும் மனசு பதறலையே"ன்னார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

களை எடுக்க வர்ற அக்காவுக்கு வரப்புல உட்கார்ந்து கதையைச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "நான் முப்பது வருஷமா இந்தச் சேத்துல காலை வைக்கிறேன் தம்பி. அட்டை கடிச்சிருக்கு, தேள் கொட்டியிருக்கு. எட்டுக்கால் பூச்சி என்னை எதுவும் செஞ்சதில்லை"ன்னாங்க. புத்தகத்தைத் தொடாமலே சொன்ன விமர்சனம்.

என் கருத்து என்னன்னா, பயமுறுத்துறதுக்குன்னு எழுதின புத்தகம் பயமுறுத்தினா அது நல்ல புத்தகம்தான். ஒரு திரள் சத்தமில்லாம தரையை மூடிட்டு வர்ற இடமெல்லாம் எனக்கே முதுகு சில்லிட்டுச்சு. பொய்யும் கொஞ்சம்தான். ஆளைக் கொல்லக்கூடிய சிலந்தி உலகத்துல உண்டு. ஆஸ்திரேலியாவுல சிட்னி பக்கம் இருக்கிற புனல்வலைச் சிலந்தி அப்படிப்பட்டது. ஆனா அதுக்கு 1981ல மாற்று மருந்து வந்த பிறகு அங்கே அந்தக் கடியால சாவு இல்லை. கூட்டமா வாழற சிலந்தியும் உண்டு. நம்ம முள்ளுவேலியில அழுக்குத் துணி சுத்தின மாதிரி தெரியுற கூட்டைப் பிரிச்சா ஒரு குடும்பமே ஓடும். அதுங்க சேர்ந்து பிடிக்கிறது ஈயும் வெட்டுக்கிளியும்தான்.

சிக்கல், பயம் புத்தகத்தை விட்டு வெளியே வர்றப்போதான். போன ஞாயித்துக்கிழமை தம்பி வயலைச் சுத்திட்டு வந்து, "அண்ணே, நீ சொன்ன கதை மாதிரியே இருக்கு. தூரை விலக்கினா தண்ணி மேல எட்டுக்கால் பூச்சியா ஓடுது. கூடவே புகையானும் கொஞ்சம் கண்ணுல படுது. ரெண்டுக்கும் சேர்த்து ஒரு மருந்து அடிச்சுடுவோம்"னான். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னான். ஆனா டாங்க்கைக் கழுவி வச்சுட்டான்.

எனக்கு அப்போ நாவல்ல வர்ற ஒரு இடம் ஞாபகத்துக்கு வந்தது. சிலந்தியை அழிக்கிறதுக்காகச் சீனா தன்னோட சொந்த மண்ணு மேலேயே அணுகுண்டு போடுது. படிக்கிறப்போ "இப்படியும் ஒருத்தன் செய்வானா"ன்னு நினைச்சேன். நானே செஞ்சிருக்கேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே வயல், ஆந்திரா பொன்னி. இலைச் சுருட்டுப் புழு லேசா தெரிஞ்சதும் கடையில கொடுத்த சைபர்மெத்ரினை அடிச்சேன். பத்து நாள் கழிச்சு மறுபடியும் அடிச்சேன். வயல் சுத்தமா இருந்தது, ஒரு பூச்சி ஓடலை. பெருமையா பார்த்தேன். கதிர் வர்ற நேரத்துல நடு வயல்ல வட்ட வட்டமா தீ வச்ச மாதிரி காய்ஞ்சது. தூரைத் தட்டினா புகையான் தண்ணியில தவிடு மாதிரி கொட்டுச்சு. அந்த வருஷம் கடனுக்கு வீட்டு நகைதான் போச்சு.

ஏன் அப்படி ஆச்சுன்னு பிறகுதான் புரிஞ்சது. புகையான் முட்டையை வெளியே வைக்காது, தோகையோட அடிப்பகுதியைக் கீறி உள்ளே வைக்கும். அடிக்கிற மருந்து அங்கே போய்ச் சேராது. வெளியே ஓடுற சிலந்தி மட்டும் சாகும். ஒரு வாரம், பத்து நாள்ல முட்டை பொரிச்சு குஞ்சு வெளியே வர்றப்போ தடுக்க ஆள் இல்லை. நாவலோட தலைப்பு இங்கேதான் நிஜமா நடக்குது. மேல சொன்ன மாதிரி மருந்துகளைப் புகையான் வர்ற வயல்ல அடிக்கவே கூடாது, அடிச்சா பெருகும்.

தண்ணி மேல ஓடுறது ஓநாய்ச் சிலந்தி. வலை கட்டாது, ஓடிப் பிடிக்கும். நாளைக்கு அஞ்சிலிருந்து பதினைஞ்சு புகையான் வரைக்கும் தின்னும்னு நெல் ஆராய்ச்சிக்காரங்க கணக்கு எடுத்திருக்காங்க. தாய் முட்டைப் பையை வாலோட ஒட்டித் தூக்கிக்கிட்டுத் திரியும். குஞ்சு வந்ததும் முதுகுல ஏத்திக்கும். கூலி கேட்காத ஆளு.

இது நான் மட்டும் பட்ட அடி இல்லை. இந்தோனேசியாவுல ஒரு நாடே பட்டுச்சு. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகி, கடைசியில 1986ல ஜனாதிபதி சுகார்த்தோ நெல்லுக்கு அடிக்கிற 57 பூச்சிமருந்துகளை ஒரே உத்தரவுல தடை செஞ்சார். தடைக்குப் பிறகு அங்கே விளைச்சல் விழுந்துடலை.

நம்ம வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே சிலந்திக்கு ஒரு கணக்கு இருக்கு. சிலந்தி இல்லாத வயல்ல தூருக்கு ஒரு புகையான் வந்தாலே நடவடிக்கை எடுக்கணும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தா தூருக்கு ரெண்டு வரைக்கும் பொறுக்கலாம்.

அதனால தம்பியைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் எண்ண வச்சேன். குறுக்கே நடந்து இருபது குத்து பார்த்தோம். இருபது குத்துலயும் சேர்த்துச் சிலந்தி இருபத்தி மூணு. புகையான் ரெண்டு தூருக்கு ஒண்ணு கூடத் தேறலை. "சரிண்ணே, ஆனா தீஞ்சா நீதான் பதில் சொல்லணும்"னான். சொல்றேன்னேன். தண்ணியை வடிச்சு வயலைக் காய விட்டிருக்கோம், யூரியாவை நிறுத்தியாச்சு. நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணப் போறோம். கணக்கு தாண்டினா, தூருக்கடியில படுற மாதிரி அதுக்குரிய மருந்தை அடிக்கத்தான் போறேன். அதுல எனக்கு வீம்பு இல்லை. பயந்து அடிக்கக் கூடாது, எண்ணிப் பார்த்து அடிக்கணும், அவ்வளவுதான். மனசுக்குள்ள பயம் இருக்கு. போன தடவை போன நகை இன்னும் திரும்பி வரலை.

நாவலைப் படிக்கலாமான்னு கேட்டா, தாராளமா படிங்க. மூணு பாகத்தையும் சேர்த்து வாங்குங்க, இல்லேன்னா என் மகள் மாதிரி திட்டுவீங்க. ராத்திரி பயப்படுங்க. விடிஞ்சதும் வயல்ல இறங்கி ஒரு குத்தை விலக்கிப் பாருங்க. எட்டுக்கால் ஓடினா நிம்மதியா வரப்பேறலாம். ஒண்ணுமே ஓடலேன்னாத்தான் பயப்படணும்.

உங்க வயல்ல குத்துக்கு எத்தனை இருக்குன்னு எண்ணிட்டு எழுதுங்க. எங்க வயல் என்ன ஆச்சுன்னு அறுப்புக்கு அப்புறம் நல்லதோ கெட்டதோ இங்கேயே சொல்றேன்.